படிவத்தில் நான் எழுதிய இரண்டு

மெலனி, ஜூட், என் செல்லங்களே, கோயிலில் எழுந்து நின்று சாட்சி சொல்ல அப்பாவுக்குத் தைரியம் வரவில்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

பிறம்ரன் நகரத்து வெயர்ஹவுஸில் சரக்குப் பெட்டி தூக்கி முதுகு போய், இந்தத் தை மாதத்தோடு மூன்று வருடம். வேலை போனது பெரிதில்லை. ஜூட், நீ ஓடி வந்து கட்டிப்பிடித்தபோது முதுகு நோ, அந்த வலி தாங்காமல் உன்னைத் தள்ளிவிட்டேன். சுவரில் மோதினாய். அழக்கூட இல்லை. அதற்குப் பிறகு கிட்ட வருமுன், "அப்பா, இண்டைக்குத் தொடலாமோ?" என்று கேட்கத் தொடங்கினாய். அந்தக் கேள்வி முதுகை விட நொந்தது.

கிளினிக்கில் மாதாமாதம் ஒரு தமிழ்ப் படிவம் தருவார்கள். நோ எவ்வளவு என்று பத்துக்குள் எழுத வேண்டும். நோ கூடும்போது யாரிடம் சொல்வீர்கள் என்றும் கேட்கும். நான் எப்போதும் இரண்டு என்றே எழுதினேன். முதல் வருடத் தவக்காலத்திலேயே என் நோவை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்திருந்தேன். பிறகு வெளியில் முறையிட்டால், கொடுத்த காணிக்கையைத் திருப்பி எடுத்தது போலாகும் என்று நினைத்தேன். யாரிடம் என்ற இடத்தில், "கடவுளிடம்."

பெரிய வெள்ளியன்று சிலுவையை உதட்டால் முத்தி செய்யக் குனிய முடியவில்லை. நின்றபடியே அழுதேன். "ஆண்டவரே, நோவை எடுக்காட்டிலும் பரவாயில்லை. என்ரை பிள்ளையள் எனக்குப் பயப்பிடாமல் இருக்க ஒரு வழி காட்டும்."

அடுத்த கிழமை, மெலனி, உன்னைத் துணைக்குக் கூட்டிப் போனேன். நேர்ஸ் படிவத்தைப் பார்த்து, நன்றாகச் சமாளிக்கிறீர்கள், இனி வரத் தேவையில்லை என்றார். நீ படிவத்தை எட்டிப் பார்த்தாய்.

"ரெண்டோ? சீரியஸ்லி? உங்கடை ஷூ லேஸை ஆர் கட்டிவிடுறது?"

"சும்மா இரு பிள்ளை. அது ஆண்டவருக்குக் குடுத்தது."

"ஆண்டவருக்குக் குடுத்தா ஏன் எங்களிட்டைக் கத்துறீங்கள்?"

நேர்ஸுக்கு முன்னாலேயே அழுதுவிட்டேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அவரிடம் சொன்னாய்: "எயிட். சம் டேய்ஸ் நைன்."

நோ போகவில்லை. இதை எழுதும்போதும் இருக்கிறது. ஆனால் இப்போது, "இண்டைக்கு எட்டு" என்று சொல்லிவிடுகிறேன். ஜூட் தலையணை கொண்டு வந்து, முதுகில் படாமல் பக்கத்தில் சாய்கிறான். ஆண்டவர் என் மன்றாட்டைக் கேட்டார். மெலனியின் வாயால் பதில் சொன்னார். உங்களுக்கும் ஒருநாள் தாங்காத நோ வரலாம். அவரை நம்பிச் சொல்லுங்கள். அவர் பக்கத்தில் வைத்திருக்கிற ஆட்களிடமும் மறைக்காதீர்கள்.

நேற்று நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு நேர்ஸ் தொடர்ந்து வரச் சொல்லித் தந்த அடுத்த மாதப் படிவத்தை எடுத்தேன். எட்டு என்று எழுதினேன். யாரிடம் சொல்வீர்கள் என்ற இடத்தில், "கடவுளிடம்" என்பதற்குக் கீழே உங்கள் இரண்டு பேருடைய பெயரையும் எழுதினேன். இடம் காணாது. சின்ன எழுத்தில் நெருக்கி எழுதினேன்.