மைக் அத்தையும் மாப்பிள்ளை மாத்திரையும்

“இத்துனூண்டு மாத்திரை. மிளகுல பாதி இருக்காது. அது உள்ள போயி சாவகாசமா உக்காந்தப்புறம்தான் நான் வாயில எதையும் வைக்கணுமாம். மாப்பிள்ளைகூட இவ்வளவு மரியாதை கேக்க மாட்டான்.”

எங்கள் அத்தையின் காலை இந்தப் பாட்டோடுதான் விடியும். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். ஊரே அவளை மைக் அத்தை என்றுதான் கூப்பிடும். மாடியில் ஒரு கண்ணாடி அறை, அதில் ஒரு மேசை, கரகரவென்று சுற்றும் விசிறி, பஞ்சுத் தொப்பி போட்ட மைக், டிங்-டாங் அடிக்க ஒரு பொத்தான், ஒரு பிளாஸ்க். இவ்வளவுதான் அவளுடைய ராஜ்ஜியம். அங்கே உட்கார்ந்து “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று அவள் இழுத்தால், ஏறவேண்டிய பேருந்தை விட்டுவிட்டு நின்று கேட்பவர்கள் உண்டு. வீட்டில் அந்தக் கனிவு கிடையாது. எல்லாக் கனிவையும் நிலையத்திலேயே செலவழித்துவிட்டு வருவாள்.

தைராய்டு முதலில் கை வைத்தது அந்தக் குரலில்தான். குரல் தடித்தது. வெயில் கொளுத்தும்போது கண்ணாடி அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு அறிவிப்புக்கு நடுவே தூங்கி வழிந்தாள். ஒருநாள் விசாரணைக்குத் தொலைபேசியில் கூப்பிட்ட ஒருவர், “ரொம்ப நன்றி சார்” என்று சொல்லி வைத்துவிட்டார். அன்று முழுக்க அத்தை யாரிடமும் பேசவில்லை. பேசினால் சார் பேசுவதுபோல் இருக்குமே என்ற பயம்.

ரத்தம் எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் போடணும், பிறகு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது. ஒவ்வொரு முறை போகும்போதும் டாக்டரம்மா கேட்பார்: “வெறும் வயித்துலதானேம்மா போடுறீங்க?” அத்தை அடித்துச் சொல்வாள்: “பச்சைத் தண்ணி படாத வயிறு.” அப்படியும் ரத்தத்தில் முன்னேற்றம் இல்லை. மாத்திரையின் அளவு ஏறியது, மறுபடியும் ஏறியது. குரல் மட்டும் ஏறவில்லை.

நிலைய மேலாளர் நல்ல மனுஷர்தான். ஆனால் பயணிகள் புகார் சொன்னால் அவர் என்ன செய்வார்? மூக்கடைத்தவர்போல் பேசுவார் அவர். “அக்கா, கோவிச்சுக்காதீங்க” என்று தொடங்கி, அத்தையைத் தொலைந்த பொருள் அறைக்கு மாற்றினார். மைக்கில் தற்காலிகமாக, பதிவுக் குரலில் தானே அறிவிக்கும் ஒரு மெஷின் வந்து உட்கார்ந்தது. அடுத்த பரிசோதனைக்குள் குரல் சரியானால் அத்தைக்கு மைக், இல்லையென்றால் மெஷினே நிரந்தரம் என்று பேச்சு.

தொலைந்த பொருள் அறையில் குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே அத்தை உட்கார்ந்திருந்தாள். சக்கரம் பஞ்சராகி ஓரமாக நிற்கும் பேருந்தை மெஷின் “புறப்பட்டுவிட்டது” என்று மூன்று முறை அறிவித்ததாம். பைகளைப் போட்டுவிட்டு ஓடிய கூட்டம், பிறகு பைகளைத் தேடி அவளிடமே வந்ததாம். சொல்லும்போது சிரித்தாள். சிரித்து முடித்ததும், “என்னையும் இப்படி யாராவது தேடி வருவாங்களான்னு பார்க்கிறேன்” என்றாள்.

அடுத்த பரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். அத்தை உள்ளே எடை பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே நர்ஸ் என்னிடம், உங்க அத்தை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்டார். என்னிடம் கேட்டால் வாயால் மட்டுமா சொல்வேன்? அத்தை மைக் அறையில் இருந்த காலத்தில் நான் கூடப் போய்ப் பார்த்த விடியற்காலையை அப்படியே நடித்துக் காட்டினேன். சாவியைத் தேடுவது, கைக்குட்டையால் மைக்கின் தொப்பியைத் துடைப்பது, மாத்திரையை நாக்கில் வைத்து முகத்தைச் சுளிப்பது, பிளாஸ்க்கைத் திறந்து மூடி நிறைய ஊற்றுவது, தலையை அண்ணாந்து மடமடவென்று இறக்குவது, ஒரு “ஹா”, ஒரு டிங்-டாங், அப்புறம் கனிவான கவனத்திற்கு. நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தார். கதவருகே நின்ற டாக்டரம்மா சிரிக்கவில்லை.

“அந்த மூடியில என்ன ஊத்தினாங்க?”

“சூடான பால்” என்றேன்.

உள்ளே விசாரணை தொடங்கியது.

“வெறும் வயித்துலதான் போடுறேன்னு சொன்னீங்களேம்மா?”

“வெறும் வயிறுதான் டாக்டரம்மா. பாலை நான் வயித்துக்கா குடிக்கிறேன்? தொண்டைக்குத்தானே?”

“தொண்டைக்குக் கீழ என்னம்மா இருக்கு?”

அத்தை தொண்டையிலிருந்து கீழே விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு, பெரிய ரகசியத்தை விட்டுக்கொடுப்பதுபோல், “வயிறுதான்” என்றாள்.

பொய் சொல்லும் ஆள் இல்லை அவள். மைக் வேலைக்குச் சேர்ந்த நாளில் பழைய அறிவிப்பாளர், சூடான பால்தான் தொண்டைக்கு எண்ணெய் என்று சொல்லிக் கொடுத்தாராம். அன்றிலிருந்து பால் அவளுக்கு உணவே இல்லை, வேலைச் சாமான். குடைக்கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்தபோதும் குரல் திரும்ப வரட்டும் என்று பிளாஸ்க்கை விடவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டார்கள், மாத்திரையை எதில் முழுங்கினீங்க என்று யாரும் கேட்கவில்லை.

பாலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது என்று டாக்டரம்மா விளக்கினார். ஏற்றிய அளவெல்லாம் பாலுக்கே போயிருக்கிறது. இனி தண்ணீரில் போட்டால் அந்த அளவு முழுசாக உள்ளே போய் நெஞ்சு படபடக்கும் என்று அளவைக் குறைத்தார். காலையில் பாலைத் தள்ளிப்போடச் சொன்னார். பால் இல்லாமல் மைக் முன்னால் உட்கார மாட்டேன் என்று அத்தை ஒற்றைக்காலில் நின்றாள். திட்டு விழும் என்று நான் நினைத்தேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“சரி, உங்களுக்கு எப்போ தோதுப்படும்? நீங்களே சொல்லுங்க.”

அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள், கேள்வி தனக்குத்தானா என்று. பிறகு மெதுவாக, “படுக்கப் போறப்போ” என்றாள்.

தாராளமாகப் போடலாம் என்றார் டாக்டரம்மா. சாப்பாட்டை நேரத்தோடு முடித்துவிட்டு மூன்று மணி நேரம் வயிற்றைக் காலியாக விடவேண்டும், தண்ணீரில்தான் முழுங்கவேண்டும், தினமும் அதே நேரம். மாதம் ஒன்றரை போனதும் மறுபடி ரத்தம். அதற்கு அப்புறம் குரலைப் பார்க்கலாம் என்று மேலாளருக்கு அவரே போனில் சொன்னார்.

அதன்பிறகு மாட்டிக்கொண்டவர் மாமா. ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேல் பிஸ்கட் இல்லாமல் தூக்கம் வராத மனுஷர். அவர் உறையைப் பிரிக்கும் கறமுற சத்தம் அடுத்த அறைக்குப் போய்விடும். “மாத்திரை உனக்கா எனக்கா?” என்று கேட்டார். “எனக்குத்தான். ஆனா வாசனை உங்க பக்கத்துலேர்ந்துல்ல வருது” என்றாள். பாவம், கொஞ்சநாள் மாடிப்படியில் உட்கார்ந்து எலிபோல் கொறித்தார்.

குரல் ஒரே நாளில் வரவில்லை. முதலில் ஸ்வெட்டர் போனது, பிறகு தூக்கக் கலக்கம். ஒருநாள் அத்தை சமையலறையிலிருந்து மாமாவைக் கூப்பிட்டாள். மாமாவோடு பக்கத்து வீட்டுக்காரரும் கதவைத் திறந்தார். அன்றுதான் எங்களுக்கு நம்பிக்கை வந்தது.

ரத்தமும் சரி என்றது. குரல் சோதனைக்கு மேலாளர் கீழே ஆறாம் நடைமேடையில் நின்றுகொண்டார். அத்தை கண்ணாடி அறைக்குள் போனாள், பிளாஸ்க்கைத் திறந்தாள், ஒரு மூடி, ஒரு “ஹா”, ஒரு டிங்-டாங். துறைமுகப் பேருந்துக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு அம்மா நடுவழியில் நின்று அண்ணாந்து பார்த்தார். மேலாளர் மாடியேறி வந்தார். மெஷின் தோற்றாலும் அதற்குப் பரிந்து ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனசு வராதே அவருக்கு. மூக்கடைத்த குரலில், “குரல் வந்துடுச்சுக்கா, மைக் உங்களுக்குத்தான். ஆனா மெஷின்ல ஒரு சௌகரியம், அதுக்கு ஆயுசு முழுக்க மாத்திரை வேண்டாம் பாருங்க” என்றார்.

அத்தை இன்னொரு மூடி பாலை ஊற்றி வைத்துவிட்டு, மைக்கின் தொப்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“வாஸ்தவம்தான் தம்பி, மெஷினுக்கு மாத்திரை வேண்டாம். பஞ்சராகி நின்ன பஸ்ஸைக் கிளம்பிடுச்சுன்னு மூணு தடவை சொல்லுச்சே, அதுக்கு எந்த டாக்டர்கிட்ட காட்டுனீங்க? தள்ளி நில்லுங்க, பால் ஆறுது.”