குப்பூஸில் விழுந்த கறுப்புப் பொட்டு

காலையிலிருந்து உட்காருவதும் எழுவதுமாக இருக்கிறேன். ஒரு கண் கம்ப்யூட்டரில் பாதி எழுதிய கட்டுரையில், ஒரு கண் போனில். வர வேண்டியது என் ரிப்போர்ட்கூட இல்லை. அந்தோணியின் ரிப்போர்ட்!

அந்தோணி தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரன். துபாயில் ஜெபல் அலி துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். உச்சியில் ஒரு கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்து, கப்பலிலிருந்து கன்டெய்னர்களைத் தூக்கி இறக்குகிற வேலை. லீவு நாட்களில் அல் குசைஸில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டுக்குச் சாப்பிட வருவான்.

ஆறேழு மாதத்துக்கு முன் மெடிக்கலில் அவனுக்குச் சுகர் என்று தெரிந்தது. மாத்திரை கொடுத்த கம்பெனி டாக்டர், மூன்று மாதத்தில் குறையவில்லை என்றால் கிரேனில் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். நியாயம்தானே? அவ்வளவு உயரத்தில் மயங்கி விழுந்தால் என்ன ஆவது? அன்றே சபதம் எடுத்தான் அந்தோணி. "சோறு மாஃபி!" மாஃபி என்றால் அரபியில் 'கிடையாது'.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால்... சுகர் ஏறியிருந்தது. ஆளைக் கிரேனிலிருந்து இறக்கி, தரையில் கன்டெய்னர் பூட்டும் வேலைக்குப் போட்டுவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கசங்கிய ரிப்போர்ட்டோடு வந்தான். "மெஷின்ல கோளாறுண்ணே. மாத்திரையும் போடுதேன். சோத்தத் தொட்டே மூணு மாசமாச்சு. பெறவு எப்படி ஏறும்?"

என் மனைவி பர்வீன் சோறும் மீன் குழம்பும் வைத்தாள். சோற்றை மட்டும் தள்ளிவிட்டு, பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தான். உள்ளே குப்பூஸ் ரொட்டி. அடுக்கடுக்காக!

"இப்ப மூணு வேளையும் இதுதான் மதினி. லைட் சாப்பாடு. எத்தன தின்னாலும் தெரியாது."

பர்வீன் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பயாலஜி டீச்சர். எழுந்து போய், காயத்துக்குப் போடுகிற அயோடின் பாட்டிலை எடுத்து வந்தாள். சோற்றில் ஒரு சொட்டு. கறுத்தது. குப்பூஸில் ஒரு சொட்டு. அதுவும் கறுத்தது. அதே கறுப்பு.

"மாவுச்சத்து இருந்தா இப்படித்தான் கறுக்கும் தம்பி. அரிசி, கோதுமை ரெண்டுமே அதுதான். வயித்துக்குள்ள போனா ரெண்டும் சக்கரைதான்."

அந்தோணி அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப மூணு மாசமா நான் சோறுதான் தின்னுருக்கேனா?"

சிரிக்காதீர்கள். வளைகுடாவில் நம்மில் யார் இதைச் செய்யவில்லை? சோற்றை விட்டுவிட்டுக் குப்பூஸுக்கு மாறுவோம். டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டு, "நேச்சுரல்தானே" என்று பேரீச்சம்பழத்தைக் கைநிறைய அள்ளுவோம். நோய் எல்லாம் ஊர்ச் சாப்பாட்டில்தான் இருக்கிறது என்று ஒரு நினைப்பு.

டீச்சர் கையில் ஆள் சிக்கினால் விடுவாளா? சாப்பாட்டு மேஜையே வகுப்பாகிவிட்டது. சோறும் குப்பூஸும் உடம்பு ஓடுவதற்கு எரிபொருள். மீனில் இருப்பது புரதம். தசையைக் கட்டுவதும், உடம்புக்குள் பெரும்பாலான வேலைகளைச் செய்வதும் அதுதான். குழம்பில் மிதக்கும் எண்ணெய் கொழுப்பு. அதைத் திட்டவே கூடாதாம், ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் சவ்வே பெரும்பாலும் கொழுப்பில்தான் ஆகியிருக்கிறதாம். அளவு மீறினால்தான் வம்பு.

"இன்சுலின்னு சொல்றாங்களே, அதுவும் ஒரு புரதம்தான். உங்க போர்ட்ல கேட் பாஸ் செல்லலன்னா கன்டெய்னர் என்ன ஆவும்?"

"வெளிய போகாது மதினி. யார்டுலயே அடுக்கிக்கிட்டுப் போவும்."

"உங்க ரத்தத்துல சக்கரை அப்படித்தான் அடுக்கியிருக்கு. இன்சுலின்தான் பாஸ். அது உங்க உடம்புல சரியாச் செல்ல மாட்டேங்குது. நீங்க வேற மூணு வேளையும் புதுசா லோடு இறக்குறீங்க."

அவனுக்குப் புரிந்துவிட்டது. முகம் மாறியதே அதற்குச் சாட்சி.

மாவுச்சத்து, புரதம், கொழுப்பு முடிந்து, கடைசியாக நான்காவது மூலக்கூறுக்கு வந்தாள். டிஎன்ஏ. உடம்பை எப்படிக் கட்ட வேண்டும், எப்படி நடத்த வேண்டும் என்று அப்பா அம்மா வழியாக வருகிற குறிப்பு.

அந்தோணி சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். "எங்கப்பாவுக்கும் சுகர்தான் மதினி. கால்ல புண்ணு வந்து, பாதத்தையே எடுத்துட்டாவ. அதுக்குப் பெறவு கடலுக்குப் போவல. கரையில உக்காந்து மத்தவன் போட்டுகள பாத்துக்கிட்டே இருப்பாரு. நானும் அப்படிக் கீழ உக்காந்து மேல பாக்கப் போறனா?"

பர்வீனின் டீச்சர் குரல் காணாமல் போயிருந்தது.

"உங்கப்பாவுக்கு இந்த டெஸ்டெல்லாம் காலாகாலத்துல யாரு எடுத்தா தம்பி? அவரு வழியா வந்தது சுகர் வர்ற ஆபத்து மட்டும்தான். பாதம் போறது எந்தக் குறிப்புலயும் எழுதல."

அதற்குப் பிறகு அவன் மாறினான். அரைக் குப்பூஸ், நிறைய காய், மீன், பயறு. டூட்டி முடிந்ததும் தங்கியிருக்கும் கேம்ப்பைச் சுற்றி நடை. பதற்றம் பிடித்தது எனக்குத்தான். ஓட்ஸ், ரஸ்க், டயட் பிஸ்கட் என்று கண்ணில் பட்டதிலெல்லாம் அயோடினைச் சொட்டினேன். எல்லாம் கறுத்தது! பர்வீன் பாட்டிலை ஒளித்து வைத்துவிட்டாள். உடனே, தினமும் மத்தியானம் அந்தோணிக்கு மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தேன். "என்ன சாப்பிட்டே?" ஒரு நாள் பதில் வந்தது. "எங்கம்மாகூட இப்படிக் கேட்டதில்லண்ணே."

இன்று மறுபடியும் முடிவு நாள். இந்த டெஸ்ட் கடந்த இரண்டு மூன்று மாதத்துக் கணக்கைக் காட்டிவிடும். முதல் நாள் பட்டினி கிடந்து ஏமாற்றவே முடியாது. ரிப்போர்ட் சரியாக இருந்தால் இன்றே கிரேன் என்றார்களாம். ஆள் பற்றாக்குறை! ஆனால் போனில் சத்தமே இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து பர்வீன் வேறு "வந்துச்சா? வந்துச்சா?" என்கிறாள். எடிட்டரும் அதையே கேட்கிறார், இந்தக் கட்டுரையைப் பற்றி.

இதோ... வந்துவிட்டது!

"அண்ணே, பாஸ். மேல ஏறப் போறேன். மதினிகிட்ட சொல்லிருங்க. கேபின்ல போன் கூடாது, ஆஃப் பண்ணுதேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, டிஃபன் பாக்ஸில் இன்றைக்கு என்ன என்று கேட்பதற்குள் போனை ஆஃப் செய்துவிட்டான், படுபாவி!