வெட்டுக்காசு சிஸ்டர்

பிலோமினா சிஸ்டர் செவ்வாய்க்கிழமை காலையில் காலமானார். கடையில் ஒருவருக்குக் கொலுசு நிறுத்துக்கொண்டிருந்தேன். சிஸ்டருடைய தங்கை போன் செய்து, "அக்கா போயிட்டாங்கண்ணா" என்றார். எதிரில் நின்றவரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன். வந்த வியாபாரத்தை நான் அப்படி அனுப்புகிறவன் அல்ல.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் கன்னியாஸ்திரீ அல்லர்; மைசூரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கௌதள்ளி கிராமத்திலிருந்து வந்து, சைக்கிளில் வெள்ளிச் சாமான் விற்று, மைசூர் அக்ரஹாரத்தில் கடை பிடித்தவன். பழங்காசு விற்கவும் உரிமம் வைத்திருக்கிறேன்.

அறுந்த செபமாலையைப் பற்றவைக்கத்தான் முதலில் வந்தார். விலைபோகாமல் கிடந்த ரோம வெள்ளிக் காசு ஒன்று கண்ணில் பட்டது. அதில் பேரரசனின் கன்னத்தில் ஓர் உளிவெட்டு.

"யாரு இவரு? இவ்ளோ ஆழமா வாங்கியிருக்காரு! தையல் போட்டாலும் வடு நிக்குமே."

"ரோமாபுரி ராஜாங்க சிஸ்டர். வெட்டில்லாததும் இருக்குதுங்க, காட்டட்டுங்களா?"

"பேடா, பேடா" என்று கன்னடத்தில் மறுத்தார். "இந்தக் காயம்பட்டவரே போதும்."

அன்று முதல் வெட்டுப்பட்ட காசாகவே தேடி வாங்கினார். நூலகத்தில் உட்கார்ந்து படித்தார். மிளகு வாங்க வந்த ரோம வணிகர்கள் கொடுத்த வெள்ளி. இங்கே வந்தபின் யாரோ முகத்தில் வெட்டியிருக்கிறார்கள். ஏன் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்தில்லை. "காசு அவங்களோடது, வெட்டு நம்மளோடது" என்பார். எங்கள் கடையில் அவருக்கு வெட்டுக்காசு சிஸ்டர் என்றே பெயர்.

ஒருநாள் ஒரு காசின் வெட்டுக்குள் செம்பு தெரிந்தது. மேலே மட்டும் வெள்ளித் தோல். அந்தக் காலத்துப் போலி. நான் ஒதுக்கி வைத்ததை அவர் கையில் எடுத்துக்கொண்டு சிரித்தார்.

"வெட்டினவன் உங்களை மாதிரி ஆளு கடைக்காரரே. ராஜா மூஞ்சியே இருந்தாலும் நம்பலை பாருங்க!"

வியாபாரத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைவிடப் பெரியது இல்லை.

சிறுநீரகம் கெட்டுப்போய் உடம்பு தளர்ந்த பிறகு, ஆட்டோ பிடித்துக் காசுப் பெட்டியோடு வந்தார். காலெல்லாம் வீங்கியிருந்தது.

"நான் போனப்புறம் முகம் நல்லா இருக்கறதை மட்டும் பொறுக்கிட்டுப் போவாங்க. மிச்சம் உருக்கறதுக்குத்தான். இதுங்க பிரியக் கூடாது."

"அது வியாபாரம் இல்லீங்க சிஸ்டர், காவல்."

"சரி, காவலுக்கு என்ன கேக்கறீங்க?"

வெகுநேரம் பேரம் பேசினோம். மூச்சு வாங்க வாங்க ஒரு பைசா விட்டுக்கொடுக்காமல் பேசினார். அவரைக் கடையில் பார்த்தது அதுவே கடைசி.

அடக்கம் முடிந்ததும் கல்லறைத் தோட்டத்து வாசலில் தங்கை அந்தப் பெட்டியை என்னிடம் கொடுத்தார். அழுகையினூடே, "அக்கா சொன்னபடியே செய்யுங்கண்ணா" என்றார். நேற்று பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து நல்ல முகமாக நான்கைப் பொறுக்கினார். எடுத்தால் மொத்தமும்தான் என்று சொல்லி, திருப்பி வாங்கிப் பெட்டியில் வைத்தேன்.

"செம்புக் காசையும் என் தலையில கட்டப் பாக்கறீங்களா?" என்று கோபித்துக்கொண்டு போனார்.

போகட்டும், சிஸ்டர். வலியில்லாமல் உறங்குங்கள். பெட்டி தராசுக்குப் பக்கத்தில், என் கண்ணெதிரில் இருக்கிறது. நாம் பேசி முடித்தபடியே நடக்கும்: மொத்தமும் ஒரே கைக்கு, செம்புக் காசும் சேர்த்து. பாலிஷ் போடக் கூடாது. வரும் பணம் உங்கள் தங்கைக்கு. என் தரகு நூற்றுக்கு ஐந்து. பத்து கேட்டேன், நீங்கள் மசியவில்லை.