பொம்மைக்குள் வைத்த அக்கா

கோப்பாயில் எங்கள் கணினி அலுவலகம். வீடற்றவர்களுக்குக் காணியும் வீடும் கொடுக்க வந்த ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நான்தான் எக்ஸ்எம்எல் ஸ்கீமா எழுதினேன். எந்த விவரம் எதற்குள் இருக்கவேண்டும், எது இல்லாவிட்டால் விண்ணப்பத்தைத் தள்ளவேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் சட்டம் அது.

என்னைப் போன்ற சோம்பேறிகளுக்கு வாய்த்த வடிவம் ரஷ்யப் பொம்மை. பெரிய பொம்மைக்குள் சின்னது, அதற்குள் இன்னும் சின்னது. குடும்பத் தலைவருக்குள் மனைவி, மனைவிக்குள் பிள்ளைகள். வெனிஷியன் பிளைண்ட் என்று இன்னொன்று உண்டு. அதில் ‘ஆள்’ என்பதை ஒருமுறை தனியாக வரையறுத்தால் போதும். அந்த ஆளை எங்கேயும் நிறுத்தலாம், தலைவராகவும். ஆனால் இரண்டு நாள் கூடுதல் வேலை. அந்த இரண்டு நாளும் உடுப்பிட்டியில் கிரிக்கெட் மட்ச்.

காங்கேசன்துறைப் பக்கமிருந்து ஓர் அக்கா வந்தார்.

“தம்பி, உம்மடை கொம்பியூட்டர் என்னை எடுக்குதில்லையாம்.”

“தலைவர் இல்லாமல் நீங்கள் உள்ளுக்கை போகேலாது, அக்கா.”

“அவர் கடலுக்குப் போனவர். இன்னும் வரேல்லை.”

“செத்த திகதி தந்தால் ஒரு வழி இருக்கு.”

“நான் பொட்டோடை வந்திருக்கிறன். கண் தெரியேல்லையோ?”

“அப்ப ஆரும் ஒரு ஆம்பிளையைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ. தலையெண்டு ஒண்டு இருந்தாப் போதும்!”

அலுவலகமே சிரித்தது. அக்காவும் மரியாதைக்குச் சிரித்தார். அடுத்த நாள் தன் தமையனைக் கூட்டிவந்தார். அவரைத் தலைவராக்கி, அக்காவை அவருக்குள் வைத்தேன். விண்ணப்பம் சரியென்று திரையில் பச்சை விழுந்தது.

வீடு தமையன் பெயரில் வந்தது. அவருக்குக் கலியாண வயதில் மகள். எங்கள் ஊரில் சீதன வீடில்லாமல் பெண்ணுக்குக் கலியாணம் ஒப்பேறாது. வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்தார். கலியாணத்துக்கு எனக்கும் அழைப்பு.

“நீர் இல்லாட்டி இந்தச் சீதனம் எங்காலை, தம்பி?” என்று தமையன் என் தோளில் தட்டினார்.

பாயாசம் ஊற்றிக்கொண்டு வந்தவர் அக்கா.

“இப்ப எங்கை இருக்கிறியள், அக்கா?”

“அண்ணையின்ரை வாடகை வீட்டுக் குசினிக்குப் பின்னாலை தகரச் சாய்ப்பா ஒரு பத்தி இறக்கியிருக்கு. நீர் வைச்ச இடத்திலைதான் இருக்கிறன். வடிவாச் சாப்பிடும்.”

மறுப்பது மரியாதையில்லை என்று இரண்டாம் தரமும் பாயாசம் வாங்கினேன்.

மறுநாள் ஸ்கீமாவை வெனிஷியன் பிளைண்டாக மாற்றி எழுதினேன். அரை நாள்கூடப் பிடிக்கவில்லை. சோதனைக்கு அக்காவின் பழைய விண்ணப்பத்தையே கொடுத்தேன். அக்கா தனியாளாக, தலைவராக நின்றார். பச்சை விழுந்தது.

கொடுக்க ஒரு வீடும் மிச்சமில்லை.