எர்னஸ்ட்டுக்கு ஒரு ஐபீஸ்

"பொய் சொல்லாதீங்க அங்கிள். கடைசி வரிசைய நீங்க படிக்கல, கெஸ் பண்றீங்க."

நாற்காலியில் இருந்த பெரியவர், மூக்கின் மேல் கனத்த கறுப்புச் சோதனைச் சட்டத்தோடு திருட்டு முழி முழித்தார். ஜூடித் சட்டத்திலிருந்து ஒரு லென்ஸை உருவி இன்னொன்றைச் செருகினார். "இதுவா, முந்தினதா? மனசாட்சியோட சொல்லுங்க."

"ரெண்டுமே நல்லாத்தாம்மா இருக்கு."

"ரெண்டும் நல்லா இருக்க முடியாது அங்கிள். இது என்ன கல்யாண வீட்டுச் சாப்பாடா?"

பெங்களூர் கமர்ஷியல் தெருவை ஒட்டிய சந்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் கடை. ஜூடித் அங்கே கல்யாணத்துக்கு முன்பிருந்தே கண் பார்த்துக்கொண்டிருக்கிறார். இத்தனை வருஷத்தில் அவர் கண்டுபிடித்த ஒரே உண்மை, மனிதர்கள் பரீட்சை மண்டபத்தைவிட அந்த நாற்காலியில்தான் அதிகம் பொய் சொல்கிறார்கள் என்பது. "தெரியலன்னு சொல்றதுக்கு எல்லாருக்கும் வெக்கம். ஃபெயில் ஆயிடுவோமோன்னு பயம். கண்ணுல என்ன பாஸு ஃபெயிலு?" என்பார்.

குள்ளமான உருவம், ஓட்டமும் நடையும். படிக்கும்போது மட்டும் போடும் கண்ணாடி கழுத்துச் சங்கிலியில் ஆடும். ரிச்சர்ட்ஸ் டவுனில் அவர் குடியிருக்கும் வீட்டின் மாடிப் போர்ஷனில் நான் இருக்கிறேன் என்பதால், அவருடைய ஒரு பழக்கத்துக்கு நான் தினமும் பலி. பேசிக்கொண்டே வந்து, நம் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டா முனையால் துடைத்து, திரும்ப மாட்டிவிடுவார். அனுமதி கேட்க மாட்டார், பேச்சையும் நிறுத்த மாட்டார். நமக்குத்தான் அந்த அரை நிமிஷம் உலகமே மங்கிப்போகும்.

புருஷன் கிடைத்ததும் ஒரு பொய்யால்தான். எர்னஸ்ட்டுக்கு அப்போது ஒரு பெரிய ஹோட்டலின் விருந்துக்கூடத்தில் வேலை. கண் பார்க்க வந்தவர், ஜூடித் எந்த லென்ஸை மாட்டினாலும் "சூப்பர் மேடம்" என்றிருக்கிறார். ஜூடித்தும் அனுபவம் போதாத வயது, நம்பிக் கண்ணாடி எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு மாதம் கழித்துக் கமர்ஷியல் தெருவில் எதிரே வந்த மனிதர் தடுமாறித் தடுமாறி நடக்கிறார். தலைவலி பிராணன் போகிறதாம். ஏன் திரும்பி வரவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க கஷ்டப்பட்டு செக் பண்ணீங்க, தப்புன்னு எப்படிங்க சொல்றது?" என்றாராம். "அன்னிக்கே ஓடியிருக்கணும். கட்டிக்கிட்டேன்" என்று ஜூடித் சொல்லும்போது முகத்தில் பூரிப்பு தாங்காது.

டெலஸ்கோப் ஆசை வந்தது நான்கைந்து வருஷம் முன்பு. மல்லேஸ்வரத்தில் வானம் பார்க்கும் குழு ஒன்று உண்டு. அதைச் சேர்ந்த சுஹாஸ் என்ற சாப்ட்வேர்க்காரர் கண்ணாடி மாற்ற வந்தபோது, "மேடம், டெலஸ்கோப்ல பாக்கறப்ப கண்ணாடி போட்டுக்கணுமா, பேடவா?" என்று கன்னடம் கலந்த தமிழில் கேட்டுவிட்டார். கண்ணைப் பற்றிய ஒரு கேள்விக்குத் தனக்குப் பதில் தெரியாததை ஜூடித்தால் பொறுக்க முடியவில்லை. அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே மல்லேஸ்வரம் போனார். சுஹாஸின் குழாய் வழியாக நிலாவின் குழிகளைப் பார்த்தார். அதோடு ஆள் அவுட்.

ஆன்லைனில் ஒரு டெலஸ்கோப் வந்து இறங்கியது. பெட்டியின் மேல் ஐந்நூறு மடங்கு பெரிதாகக் காட்டும் என்று போட்டிருந்தது. உள்ளே குழாயோடு மூன்று ஐபீஸ். ஐபீஸ் என்பது குழாயின் முனையில் செருகி நாம் கண்ணை வைக்கும் சின்ன லென்ஸ். மூன்றிலும் இருபத்தைந்து, பத்து, நான்கு என்று எண்கள். கண்ணாடிக் கடையில் எண் ஏற ஏற பவர் ஏறும். அதனால் ஜூடித் இருபத்தைந்தைச் செருகி, இதுதான் இருப்பதிலேயே பெரிய பவர் என்று முடிவுகட்டி, மற்ற இரண்டையும் மேஜை டிராயரில் போட்டு மூடினார். மாசக்கணக்கில் அப்படியே கிடந்தன. இங்கே கணக்கு தலைகீழ், எண் குறையக் குறையத்தான் பெரிதாகக் காட்டும் என்று சுஹாஸ் போனில் சொன்னபோது ஜூடித் சிரித்த சிரிப்பு மாடிவரை கேட்டது. அடுத்த நாள் கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் தன் முட்டாள்தனத்தைத் தானே சொல்லிச் சிரித்தாராம்.

சிரித்து முடித்ததும் பேராசை பிடித்தது. உடனே நான்கு. கண்ணிமை உரசுமளவுக்கு ஒட்டி வைத்தால்தான் அதில் எதுவும் தெரியும். தெரிந்த வியாழனோ கொதிக்கிற ரசத்தில் மிதக்கும் தக்காளித் துண்டு மாதிரி அல்லாடியது. அல்லாட்டத்தில் பாதி குழாயைத் தாங்கும் மவுண்டின் வேலை. மவுண்ட் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், கொக்குக் கால் போல மூன்று அலுமினியக் குச்சிகள். ஜூடித் அதில் அரிசிப் பையைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார். கீழ் போர்ஷன் சரசு தண்ணீர் மோட்டாரைப் போட்டால் போதும், மொட்டைமாடியிலிருந்து குரல் வரும்: "சரசு, மோட்டார ஆஃப் பண்ணும்மா, வியாழன் ஆடுது!" சரசு முதல் நாள் பயந்தே போய்விட்டாள். இப்போது பழகி, "உங்க ஆளு போனதும் சொல்லுங்கக்கா, டேங்க் காலியாக் கெடக்கு" என்று பதில் குரல் கொடுக்கிறாள்.

அடுத்து வாங்கியது எடைக்கல் வைத்த பெரிய மவுண்ட். அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைத்துவிட்டால் வானம் திரும்பத் திரும்பக் குழாயும் கூடவே திரும்புமாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெங்களூரில் துருவ நட்சத்திரம் தாழ்வாக நிற்கும், எங்கள் வீட்டுக்கு வடக்கே ஓர் அடுக்குமாடி. நட்சத்திரம் தெரிய வேண்டிய இடத்தில் நாலாவது மாடிக்காரரின் பெர்முடாஸ் காய்ந்துகொண்டிருந்தது. அந்த மவுண்டும் கைமாறிப் போனது.

இவ்வளவு பாட்டையும் எர்னஸ்ட் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். போன வருஷம்தான் ரிட்டயர் ஆனவர். ஜூடித் கூப்பிட்டதும் எழுந்து வந்து, ஐபீஸில் குனிந்து, "சூப்பர் ஜூடி!" என்பார். நிலாவுக்கும் சூப்பர், வியாழனுக்கும் சூப்பர். ஒருநாள் அவர் சூப்பர் சொல்லிவிட்டுப் போன பிறகுதான் ஜூடித் கவனித்தார், குழாயின் முன்பக்க மூடியையே கழற்றவில்லை.

நானாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். ஜூடித் சிரிக்கவில்லை. மறுநாள் காலை என் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "எனக்கு எவ்வளவு ஆசையா இருக்கு தெரியுமா? நான் பாக்குறத அவர் பாக்கலேன்னா நான் தனியாத்தானே மாடில நிக்கிறேன்? தெரியலேன்னு ஒரு வார்த்த சொன்னா நான் சரி பண்ண மாட்டேனா? இதுதானே என் தொழிலே?" துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைத்தார். "மே வந்தா மேகம். அப்புறம் அக்டோபர் வரைக்கும் நமக்கு வானமே கிடையாது. அதுக்குள்ள அவர நெஜமா பாக்க வெக்கணும்."

ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் தொடங்கியது. உபவாசத்துக்கு ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றை விடுவார்கள் அல்லவா, இந்த வருஷம் கறியை விடுவதெல்லாம் வேண்டாம், 'சூப்பர்' என்ற வார்த்தையை விடுங்கள் என்று ஜூடித் உத்தரவு போட்டார்.

"சூப்பர் ஐடியா" என்றார் எர்னஸ்ட். மறுநாளிலிருந்து எக்ஸலண்ட் என்று மாற்றிக்கொண்டார்.

வாயை நம்பிப் பயனில்லை என்று ஜூடித் வேறு வழிக்குப் போனார். ஒரு சாயங்காலம் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போன நான் திடுக்கிட்டு நின்றேன். கடையின் கறுப்புச் சோதனைச் சட்டத்தை முகத்தில் மாட்டிக்கொண்டு, அதன் மேல் எர்னஸ்ட்டின் கண்ணாடியையும் பிடித்துக்கொண்டு, டெலஸ்கோப்பில் குனிந்திருந்தார். பக்கத்தில் பஞ்சு பரப்பிய டப்பாவில் சுஹாஸின் குழுவிடம் இரவல் வாங்கிய ஐபீஸ்கள்.

"என்ன வேஷம் இது?" என்றேன்.

"அவர் கண்ண நான் போட்டுட்டிருக்கேன்."

விளக்கினார். சோதனைச் சட்டத்தில் லென்ஸ்களை இப்படி அப்படி மாற்றித் தன் நல்ல கண்ணை எர்னஸ்ட்டின் கண் அளவுக்குக் கெடுத்துக்கொண்டிருக்கிறார். எர்னஸ்ட்டுக்கு இருப்பது சிலிண்டர் பவர். சாதாரண பவர் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு டெலஸ்கோப்பின் குமிழைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். சிலிண்டருக்கு அது பலிக்காது, கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். கண்ணாடியோடு பார்த்தால் கண் ஐபீஸை விட்டுத் தள்ளிப்போகிறது. தள்ளிப்போனால் என்ன தெரிகிறது என்று பார்ப்பதற்குத்தான் இந்த வேஷம்.

நான்காம் எண்ணைச் செருகிக் குனிந்தார். பத்தைச் செருகிக் குனிந்தார். பிறகு சட்டத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணுமே தெரியலப்பா. ஓரத்துல கொஞ்சம் வெளிச்சம், மத்தது எல்லாம் இருட்டு. இதப் பாக்கவா இத்தன நாள் அந்த மனுஷன் எனக்காக எழுந்து எழுந்து வந்தாரு?" என்றார். இத்தனை மாதமாக அவர் மேல் வைத்திருந்த கோபம் அந்த இடத்திலேயே வடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு தேர்வு சுலபமாக முடிந்தது. டப்பாவிலேயே குண்டாக, கோழிமுட்டை அளவில் இருந்த ஒன்று. ரொம்பப் பெரிதாகக் காட்டாது. ஆனால் கண்ணாடியைக் கழற்றாமல், ஒரு விரல்கடை தள்ளிக் கண்ணை வைத்தாலும் முழு வட்டமும் தெரியும். "பெருசாக் காட்டி என்ன பிரயோஜனம்? தெரியணும்ல?" என்று அதே வகையில் புதிதாக ஒன்று வாங்கினார். குழாயும் மாறியது. சுஹாஸின் நண்பர் ஒருவர் விற்றது, முன்னதைவிடத் தடிமன். அதற்குக் கால்களே கிடையாது, தரையில் உட்காரும் மரப்பெட்டிதான் மவுண்ட். கையால் தள்ளினால் திரும்பும், விட்டால் விட்ட இடத்தில் நிற்கும். சரசு மோட்டார் போட்டாலும் அசையாது. சரசுவுக்குத்தான் முதல் நிம்மதி.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வாரம். மூன்று நாள் மேகம் மறைத்து, நாலாம் நாள் பொழுது சாய்ந்ததும் வானம் தெளிந்திருந்தது. எனக்கு அண்ணாந்து பார்த்தாலே கழுத்து பிடித்துக்கொள்ளும், இருந்தாலும் போனேன். இந்த அம்மாளுக்கு இன்றைக்காவது பலிக்க வேண்டுமே என்று மனசு உண்மையாகவே அடித்துக்கொண்டது. ஜூடித் கடையிலிருந்து வந்த உடுப்போடு நேரே மாடிக்கு வந்து, தலைக்கு மேல் பளிச்சென்றிருந்த வியாழனுக்குக் குழாயைத் திருப்பிவிட்டு, நாற்காலியின் உயரத்தைச் செங்கல் வைத்துச் சரிசெய்து எர்னஸ்ட்டை உட்காரவைத்தார்.

"கண்ணாடி கழட்டட்டுமா ஜூடி?"

"கழட்டாதீங்க. அப்படியே குனிங்க. நடுவுல உருண்டையா வியாழன் இருக்கும். ரெண்டு பக்கமும் ஒரே கோட்டுல குட்டிக் குட்டிப் புள்ளியா நாலு நிலா. தெரியுதா?"

எர்னஸ்ட் குனிந்தார். வழக்கமாகக் குனிந்த வேகத்தில் நிமிர்ந்துவிடுவார். இப்போது நிமிரவில்லை. கீழே சரசு மோட்டாரைப் போட்டது கேட்டது. நாற்காலியின் கையை அவர் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"தெரியுதா எர்னி?" என்ற ஜூடித்தின் குரலில் கடையில் இருக்கும் அதட்டல் இல்லை.

"சாரி ஜூடி" என்றார் அவர், கண்ணை எடுக்காமல். "நாலு இல்ல."

"நல்லா பாருங்க, நாலு இருக்கும்."

"பாத்துட்டேன். இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் தூரமா ஒண்ணு. மூணுதான்."

"எர்னி, வியாழனுக்குப் பெரிய நிலா நாலு. எல்லா புக்லயும் போட்டிருக்கான்."

"புக்ல இருக்கலாம். இங்க மூணு. நீதான் தப்பா சொல்றே."

கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அந்த மனிதர் மனைவியிடம் இப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேள்விப்பட்டதில்லை. அவரும் தான் அப்படிச் சொன்னதே தெரியாமல், "இரு, இரு, உருண்டையில கோடு மாதிரி ஏதோ ஓடுது" என்று இன்னும் குனிந்துகொண்டார்.

ஜூடித்தின் கையில் போன் இருந்தது. வியாழனின் எந்த நிலா எங்கே நிற்கிறது, எது பின்னால் மறைந்திருக்கிறது என்று காட்டும் படம் அதில் திறந்தே இருந்தது. மூன்றா நான்கா என்று நான் எட்டிப் பார்க்கப் போனேன். ஜூடித் திரையைப் பார்க்காமலே போனைக் கைப்பிடிச் சுவரின் மேல் கவிழ்த்து வைத்தார்.