டிரைவர் யாருங்க?

என் சகலைக்கு, அதாவது மனைவியின் அக்கா புருஷனுக்கு, மைன்ஸில் பெர்மனென்ட் வேலை. எனக்கு அங்கேயே கான்ட்ராக்டில் ஜீப் ஓட்டும் வேலை. மைன்ஸுக்கு நிலம் எடுத்தபோது அவர்கள் புன்செய்க் கொல்லை போனது, பதிலுக்கு வேலை வந்தது. எங்கள் கொல்லை வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், தப்பித்தது. நிலம் தப்பித்ததற்காக வயிறெரிந்தவன் நான்.

அவருக்கு டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், வாசலில் மாமரம், போன வருஷம் வெள்ளைக் கார் வேறு. வாங்கிய அன்று ஆசையாக ஸ்டியரிங்கைத் தொட்டேன். "கை வெக்காதப்பா, உன் ஜீப்புனு நெனச்சியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறவன். அவர் கற்றுக்கொண்டு அப்போது ஆறு மாதம். வீட்டுக்கு யாராவது வந்தால் என்னைக் காட்டி, "இவரு டிரைவர்" என்பார். சகலை என்று ஒரு நாளும் வாயில் வராது.

அன்று குறிஞ்சிப்பாடியில் சொந்தத்தில் காதுகுத்து. பெண்கள் முதல் நாளே பஸ்ஸில் போய்விட்டார்கள். காலையில் நாங்கள் இருவரும் காரில் கிளம்பினோம். அவர் ஓட்டினார், நான் பக்கத்தில். போன் அடித்தது, தலையைக் குனிந்தார். முன்னால் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாவை இடித்துத் தள்ளிவிட்டார்.

இறங்கி ஓடினேன். முழங்காலுக்குக் கீழே கால் திரும்பிக் கிடந்தது. சகலை ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார். "ஏறுப்பா, போயிடலாம். யாரும் பாக்கல" என்றார்.

வந்ததே எனக்குக் கோபம். "எறங்குங்க மொதல்ல!" என்று கத்தினேன். டிரைவர்களுக்கு நடத்திய வகுப்பில் சொன்னது எனக்கு மனப்பாடம்: ஆளுக்கு அடிபட்டால் வண்டியை நிறுத்தணும், ஆஸ்பத்திரியில் சேர்க்கணும், போலீஸிடம் நடந்ததை நடந்தபடி சொல்லணும். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்று தெரிந்ததும் இருவருமாக அந்த அம்மாவைப் பின்சீட்டில் கிடத்தினோம். அவர், "நீயே ஓட்டுப்பா" என்று சாவியை என்னிடம் நீட்டினார்.

எவ்வளவு நாள் ஆசைப்பட்ட வண்டி! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பின்னால் அந்த அம்மா முனகிக்கொண்டிருக்க, கியர் இவ்வளவு லேசாக விழுகிறதே என்றுதான் என் புத்தி போனது.

"சகல" என்றார் அவர். முதல் தடவையாக. "சகல, கேஸானா என்னை சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க. நீதான் ஓட்டிக்கினு வந்தேன்னு சொல்லிடு. நீ கான்ட்ராக்ட்டுதான, உனுக்கு ஒண்ணும் ஆவாது."

எனக்கு ஒன்றும் ஆகாதாம்! கேஸ் உள்ள டிரைவரை மறுநாளே ஜீப்பை விட்டு இறக்கிவிடுவார்கள். அவருக்கு அது தெரியாமலா இருக்கும்? என்னிடம் இருந்ததே கறை படாத அந்த லைசென்ஸ் ஒன்றுதான். ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.

ஆஸ்பத்திரியில் அந்த அம்மாவை உள்ளே கொண்டுபோனார்கள். அங்கிருந்த போலீஸ்காரர் நோட்டைத் திறந்தார். "டிரைவர் யாருங்க?"

சகலை என் தோளில் கை வைத்தார். "இவருதான் டிரைவர்."

பாவி மனுஷன், பொய்கூடச் சொல்லவில்லை! இத்தனை வருஷமாகச் சொன்ன அதே வார்த்தை. சாவியும் என் கையில். சட்டத்துக்காகவும் அந்த அம்மாவுக்காகவும் உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். அதுவும் இருந்தது. ஆனால் என் வாயைத் திறக்க வைத்தது பொறாமை. எல்லாம் வைத்துக்கொண்டு, என்னிடம் இருக்கிற ஒன்றையும் கேட்கிறாரே என்ற எரிச்சல்.

"நான் ஜீப் டிரைவருங்க" என்றேன். "இந்தக் காரை ஓட்டிக்கினு வந்து இடிச்சது இவரு. என் சகல."

சாவியை அவர் சட்டைப்பையில் போட்டேன்.

அந்த அம்மா இப்போது நடக்கிறார். சகலைக்குக் கேஸ் நடக்கிறது, வேலை போகவில்லை. ஓடிப்போகாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்த நல்ல மனுஷன் என்று குவார்ட்டர்ஸில் பேச்சு. அதற்கும் எனக்கு வயிறெரிகிறது. ஆனால் விசேஷ வீடுகளில் என்னைக் காட்டி, "இவரு யாருங்க?" என்று யாராவது கேட்டால், அவர் இப்போது டிரைவர் என்று சொல்வதில்லை. வாயையே திறப்பதில்லை.