சரிவில் நிறுத்திய வண்டி

எங்கள் மலையில் மனிதர்கள் இரண்டே வகை: வண்டி வைத்திருப்பவர்கள், வண்டியைத் தள்ளுபவர்கள். முதல் வகையில் பியாருகாபா ஒருவர் மட்டும் இருந்தார். இரண்டாவதில் என்னையும் சேர்த்து மற்ற எல்லோரும்.

அவருடையது பழைய பிக்கப். எந்தக் கம்பெனி வண்டி என்று யாருக்கும் தெரியாது. மூக்கில் ஒட்டியிருந்த எழுத்துகள் அவர் வாங்குவதற்கு முன்பே உதிர்ந்துவிட்டன. உருளைக்கிழங்கு மூட்டைகளோடு கீழே கபாலே நகரச் சந்தைக்கு இறங்குவதும், வெறுமையாக மலையேறித் திரும்புவதும் அதன் தொழில்.

அந்த ஒரு வண்டியை முன்னிட்டு எங்கள் எங்கோசிச் சங்கம் அவருக்குப் பெரிய சலுகை தந்திருந்தது. எங்கோசி என்னும் மூங்கில் பின்னல் படுக்கையில் நோயாளியைக் கிடத்தி, தோளில் சுமந்து ஆஸ்பத்திரி சேர்ப்பது சங்கத்தின் வேலை. சுமக்க வராதவன் ஒரு குடம் சோளக்கள் அபராதம் வைக்க வேண்டும். வைக்காவிட்டால், அவன் வீட்டில் யாராவது படுக்கும் நாளில் எங்கள் தோள்களுக்கெல்லாம் ஞாபகமறதி வந்துவிடும். பியாருகாபாவுக்கு மட்டும் விலக்கு. "வண்டி வச்சிருக்கிறவன்கிட்ட தோளை எதுக்குக் கேக்கணும்?" என்று சங்கத் தலைவர் கடுரேபே தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

இந்த நிலையில்தான் வண்டிக்கு அந்த வியாதி வந்தது.

சாவியைத் திருகினால் சில நாள் உடனே உறுமும். சில நாள் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். அதோடு மௌன விரதம். பேட்டரியை மாற்றினார். எதற்கும் இருக்கட்டும் என்று வண்டியைச் சரிவில் நிறுத்தவும் பழகினார். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார். கபாலேயில் மெக்கானிக் இன்னசென்ட்டிடம் கொண்டுபோனபோது, பட்டறையின் சமதரையில் வண்டி மாமியார் வீட்டுக்கு வந்த புது மருமகள்போல் நடந்துகொண்டது. தொட்டதும் கிளம்பியது.

"வண்டிக்கு ஒண்ணுமில்லண்ணே. உங்களுக்குத்தான் தூக்கம் பத்தல."

"மேல போனா டக்குங்குதுப்பா."

"அப்ப மேல போகாதீங்க."

மலைக்காரனிடம் சொல்லக்கூடிய பேச்சா இது?

ஆகவே பியாருகாபா எங்கள் பக்கத்து வைத்தியமான அந்தச் சரிவையே முழுதாக நம்பினார். வண்டியை எப்போதும் சரிவில், மூக்கு கீழே பார்க்க நிறுத்துவது. கிளம்பாவிட்டால் சக்கரத்துக் கல்லை எடுத்து உருளவிட்டு எழுப்பிவிடுவது. நாளடைவில் அவருடைய வாழ்க்கையே சரிவுகளை நம்பியதாயிற்று. சமதரையில் இருந்த கடையை விட்டுவிட்டு, மேட்டுக் கடையில் ஈர உப்பு வாங்கினார். மூன்று தலைமுறையாக ஆங்கிலிக்கன் குடும்பம். அந்தக் கோயில் பள்ளத்தில் இருந்தது. குன்றின் மேலிருந்த கத்தோலிக்கக் கோயிலுக்கு மாறினார். அங்கே ஆண்டவர் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இருப்பதாக விளக்கம் சொன்னார். வண்டியின் வியாதிக்கு இந்த மதமாற்றமே காரணம் என்று பழைய கோயிலின் பாதிரியார் கருதினார். பள்ளிக்கூட வாத்தியார் ஈரக்காற்று என்றார். எனக்கும் ஒரு கருத்து இருந்தது, யாரும் கேட்கவில்லை.

இதெல்லாம் வேடிக்கையாகவே போயிருக்கும். ஆனால் அவர் மனைவி கோபுசிங்யேக்கு நிறைமாதம். முதல் குழந்தையைக் கத்தி வைத்துத்தான் எடுத்தார்கள். "இந்தத் தடவை வலி கண்டதும் வந்துடணும். வீட்ல உக்காந்து யோசிச்சீங்க, உசுருக்கு நான் பொறுப்பில்ல" என்று நர்ஸ் எச்சரித்திருந்தார். பியாருகாபாவோ, தன் மனைவி மூங்கிலில் போகமாட்டாள், முன்சீட்டில்தான் போவாள் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

சொன்ன நாளிலிருந்து மனிதருக்கு உட்கார முடியவில்லை. சாப்பாட்டில் கை வைப்பார். எழுந்துபோய்ச் சாவியைத் திருகுவார். கிளம்பும். அணைத்துவிட்டு வந்து உட்காருவார். இப்போது கிளம்பியது சரி, இனி கிளம்புமா? மறுபடி எழுந்து போவார். 'டக்'. உருளவிட்டு எழுப்பி, மலையைச் சுற்றிக்கொண்டு வந்து, அதே இடத்தில் நிறுத்தி, மறுபடி திருகுவார்.

"வயித்துல இருக்கிறதுகூட இத்தனை தடவை உதைக்கல" என்றாள் கோபுசிங்யே.

ஒரு நாள் காலை, மழை விட்டதும், வலி வந்தது.

அந்த வாரம்தான் சாலையைச் சீர்செய்ய வந்த லாரி, சரிவின் அடியில் சரளைக் கல்லைக் குன்றாகக் கொட்டிவிட்டு, சீர்செய்வதை மறந்து போயிருந்தது. நத்தை வேகத்தில் ஓரமாக ஒரு வண்டி ஒதுங்கிப் போகலாம். உருண்டு வரும் வண்டி நேராகக் குன்றில்தான் ஏறும். ஆக, சாவி ஒன்றுதான் கதி.

முன்சீட்டில் கோபுசிங்யே ஏறி உட்கார்ந்தாள். பியாருகாபா திருகினார்.

டக்.

மறுபடி. டக். எங்களுக்கு அதற்குள் சேதி வந்து, படுக்கையோடு சங்கம் முழுவதும் ஆஜராகியிருந்தது. தலைவர் முகத்தில் வருத்தம் நிறைய இருந்தது. அதனடியில் சந்தோஷமும் கொஞ்சம்.

"பொண்ணை இறக்குப்பா. சீட்டு ஆசையெல்லாம் அப்புறம்."

"தோள்ல போய்ச் சேர மத்தியானம் தாண்டிடும், தலைவரே!"

"உன் வண்டியில போனா வருஷம் தாண்டிடும்."

கோபுசிங்யே பல்லைக் கடித்து ஒரு வலியை விழுங்கினாள். பிறகு கணவரைப் பார்த்து, "ஏங்க, மூட்டை ஏத்தின அன்னிக்கு இது என்னிக்காவது டக்குன்னுச்சா?" என்றாள்.

அவர் யோசித்தார். "இல்ல."

"வெறும் வண்டியாத்தான் மக்கர் பண்ணுது. மூட்டையை ஏத்துங்க."

"எங்கடி இருக்கு மூட்டை? எல்லாம் சந்தைக்குப் போயாச்சே!"

அவள் திரும்பி எங்களைப் பார்த்தாள். வாழ்க்கையில் பலர் என்னை ஏதேதோ மாதிரிப் பார்த்திருக்கிறார்கள். உருளைக்கிழங்காகப் பார்த்தது அன்றுதான்.

"சங்கத் தலைவன் என்ன மூட்டையா?" என்றார் கடுரேபே.

"நீங்க ரெண்டு மூட்டை, தலைவரே. சீக்கிரம் ஏறுங்க!"

ஏறினோம். பின்பக்கம் முனகிக்கொண்டு தாழ்ந்தது, மூக்கு நிமிர்ந்தது. பியாருகாபா கண்ணை மூடிக்கொண்டு திருகினார். வண்டி உறுமியது. ஓடுகிற வண்டியிலிருந்து நாங்கள் இறங்கியிருக்கலாம், இன்ஜின் நின்றிருக்காது. ஆனால் அந்தச் சோதனையைச் செய்து பார்க்க யாருக்கும் துணிவில்லை. நோயாளியைச் சுமக்க வேண்டிய சங்கம், நோயாளியோடு சுமக்கப்பட்டு, சரளைக் குன்றை உரசிக்கொண்டு கபாலே போய்ச் சேர்ந்தது. தலைவர் வழிநெடுகத் தன் மூங்கில் படுக்கையின் மேலேயே உட்கார்ந்து வந்தார்.

ஆஸ்பத்திரி வாசலும் சரிவுதான். கோபுசிங்யேயை உள்ளே கொண்டுபோனார்கள். பியாருகாபாவை உள்ளே விடவில்லை. கத்தி வைக்க வேண்டியிருக்குமா என்று கேட்டார், பார்க்கலாம் என்றார்கள். அந்தப் 'பார்க்கலாம்' அவரை வராந்தாவில் நிற்கவிடவில்லை. வண்டிக்கு வந்து சாவியைத் திருகினார். நாங்கள் இறங்கியிருந்தோம்.

டக்.

அழாத குறையாக இன்னசென்ட்டுக்குப் போன் போட்டார். வந்த இன்னசென்ட் அந்தச் சத்தத்தை முதல்முறையாகக் கேட்டு, கச்சேரிக்கு வந்தவர்போல் தலையாட்டினார். அட்டையை விரித்து அடியில் படுத்தார். பியாருகாபாவும் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டார்.

"எல்லாரும் ஏறுங்க!" என்றது அடியிலிருந்து குரல். ஏறினோம். "இறங்குங்க!" இறங்கினோம். "மறுபடி ஏறுங்க!"

"கிடைச்சிருச்சுண்ணே. இன்ஜின் உக்கார்ற ரப்பர் கிழிஞ்சு போச்சு. மூக்கு கீழ பாத்தா இன்ஜின் முன்னாடி நழுவுது. சேஸிஸுக்குக் கரண்ட் போற எர்த் பட்டை நாலு இழையில தொங்குது, அப்ப அது விட்டுடுது, ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் இல்ல. பாரம் ஏறினா மூக்கு நிமிருது, பட்டை தொட்டுக்குது. சமதரையில கேக்கவே வேணாம்."

"முதமுதல்ல கிளம்பாமப் போனது?"

"அது பழைய பேட்டரி. மாத்தினதும் சரியாயிடுச்சு. அப்புறம் நீங்க சரிவுல நிறுத்தி நிறுத்தி இதை வரவழைச்சிருக்கீங்க."

அடியில் ஒரு ஸ்பானர் கைதவறித் தரையில் விழுந்தது.

"அப்ப நான் கோயில் மாறினது?"

"அது உங்களுக்கும் ஆண்டவருக்கும். எங்கிட்ட கேக்காதீங்க. அந்த ஸ்பானரை எடுங்க."

அப்போது நர்ஸ் வாசலுக்கு வந்தார். "பியாருகாபா யாரு?"

நாங்கள் கீழே நீட்டிக்கொண்டிருந்த கால்களைக் காட்டினோம். எவை அவருடையவை என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது.

"பொண்ணு பொறந்திருக்கு. கத்தி வைக்கல. அம்மா நல்லா இருக்காங்க."

'டங்' என்று சேஸிஸில் ஒரு தலை மோதியது. கிரீஸ் அப்பிய முகத்தோடு பியாருகாபா வெளியே வந்து, ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடினார். கை கழுவச் சொல்லி நர்ஸும் பின்னால் ஓடினார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தோம். கட்டிலின் ஓரத்தில், துணிச்சுருளை மடியில் வைத்துக்கொண்டு, மனிதர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கோபுசிங்யே ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவர் எழுந்திருக்கவே இல்லை.

"ஏறுங்க!" என்றது வண்டியடிக் குரல்.

நாங்கள்தான் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம்.